எம்.எஸ்சி. அல்ஜீப்ராவைக் கைக்கணக்கில் கற்பது: குரூப் முதல் கால்வா வரை ஒரு முழு வழிகாட்டி

எம்.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே பலரை மிரட்டும் தாள் அல்ஜீப்ரா. குரூப், ரிங் எல்லாம் பி.எஸ்சி.யிலேயே பார்த்தாயிற்றே என்று நம்பிக்கையோடு வருபவர்கள்கூட சைலோ தேற்றம் வந்ததும் திணறுகிறார்கள். நிரூபணங்களை வரி பிசகாமல் மனப்பாடம் செய்து தேர்வுத்தாளில் இறக்கிவைக்கும் பழக்கம் இளங்கலையில் கைகொடுத்திருக்கும். இங்கே ஒரே ஒரு நிபந்தனையை மாற்றிக் கேட்டால் போதும், மனப்பாடம் செய்தவருக்கு எங்கே கை வைப்பதென்று தெரியாது.

என் அனுபவத்தில் இதற்கு மருந்து ஒன்றுதான். சின்னச் சின்ன குரூப்கள், ரிங்குகள், ஃபீல்டுகள் சிலவற்றைக் கையால் கணக்குப் போட்டு, உள்ளங்கை ரேகை மாதிரி தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக எந்தத் தேற்றம் வந்தாலும் அவற்றின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த ஒரு பழக்கத்தை வளர்ப்பதற்காகத்தான்.

தொடங்கும் முன்

மூன்று விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்: லீனியர் அல்ஜீப்ரா, முழு எண்களின் வகுபடுதன்மை, ஈக்விவலன்ஸ் ரிலேஷன். இவற்றில் கடைசியைத்தான் பலர் லேசாக நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். ஒரு கணத்தை ஈக்விவலன்ஸ் கிளாஸ்களாகப் பிரிப்பதும், அந்த கிளாஸ்களையே புதிய உறுப்புகளாக எடுத்துக்கொள்வதும் இந்தப் பாடம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். 12-ஆல் வகுத்த மீதிகளைக் கூட்டிப் பெருக்கி ஒரு மாலை முழுக்க விளையாடுங்கள். எந்த மீதிகளுக்குப் பெருக்கல் நேர்மாறு இருக்கிறது, எவை இரண்டைப் பெருக்கினால் பூஜ்யம் வருகிறது என்று பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியல் பிறகு ரிங் பாடத்தில் அப்படியே உதவும்.

புத்தகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஹெர்ஸ்டைன் கையில் இருக்கும். கூடவே டம்மிட்–ஃபூட் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. இரண்டையும் மாற்றி மாற்றிப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹெர்ஸ்டைன் சார்புகளை உறுப்பின் வலப்பக்கம் எழுதுவார். அதனால் பெர்முடேஷன்களை இடமிருந்து வலமாகப் பெருக்க வேண்டும். டம்மிட்–ஃபூட்டில் வலமிருந்து இடம். இது தெரியாமல் இரண்டு புத்தகக் கணக்குகளையும் ஒப்பிட்டால் விடை மாறும், எங்கே தப்பு என்று மணிக்கணக்கில் தேட நேரும். நோட்டின் முதல் பக்கத்திலேயே எந்த முறையை வைத்துக்கொள்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் வலமிருந்து இடம்.

ரிங்கிலும் இதே சிக்கல். சில புத்தகங்களில் ரிங் என்றாலே பெருக்கல் சமனி 1 இருக்கும். சிலவற்றில் இருக்க வேண்டியதில்லை. இது வெறும் வழக்கம் சம்பந்தப்பட்ட விஷயமாகத் தோன்றும், ஆனால் தேற்றமே மாறிப்போகும். இரட்டைப்படை எண்கள் சேர்ந்த ரிங்கை எடுங்கள். அதில் 1 இல்லை. அதற்குள் 4-இன் மடங்குகள் ஒரு மேக்ஸிமல் ஐடியல் (தமக்குள் கூட்டினாலும் கழித்தாலும், ரிங்கின் எந்த உறுப்பால் பெருக்கினாலும் வெளியே போகாத உட்கணம் ஐடியல்; அதற்கும் முழு ரிங்குக்கும் நடுவே வேறு ஐடியல் இல்லையென்றால் மேக்ஸிமல்). ஆனால் அது பிரைம் ஐடியல் (பெருக்கல் பலன் உள்ளே இருந்தால் காரணிகளில் ஒன்றாவது உள்ளே இருக்க வேண்டும்) அல்ல: 2 × 2 = 4 உள்ளே இருக்கிறது, 2 உள்ளே இல்லை. கம்யூட்டேட்டிவ் ரிங்கில் மேக்ஸிமல் ஐடியல் எல்லாம் பிரைம் ஐடியல்தான் என்ற தேற்றம் 1 இருந்தால் மட்டுமே நிற்கும்.

படி 1: உங்கள் எடுத்துக்காட்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

தனியாக ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு குரூப்புக்கும் நான்கு பக்கம் ஒதுக்குங்கள். முதலில் இவை போதும்: எஸ்3 (மூன்று பொருள்களின் பெர்முடேஷன்கள்), டி4 (சதுரத்தின் எட்டு சமச்சீர்கள்), கியூ8 (குவாட்டர்னியன் குரூப்), ஏ4, எஸ்4, ஏ5 (எண் பொருள்களின் எண்ணிக்கை; எஸ் என்றால் எல்லாப் பெர்முடேஷன்களும், ஏ என்றால் இரட்டைப்படைப் பெர்முடேஷன்கள் மட்டும்). இவற்றோடு சைக்ளிக் குரூப்கள் சில.

ஒவ்வொன்றுக்கும் உறுப்புகளின் ஆர்டர் (எத்தனையாவது அடுக்கில் முதன்முதலாகச் சமனி வருகிறது), எல்லா சப்குரூப்களும், எவை நார்மல், சென்டர் எது, கான்ஜுகசி கிளாஸ்கள் எவை என்று எழுதுங்கள். டி4-க்கு 10 சப்குரூப்கள் கிடைக்க வேண்டும், 5 கான்ஜுகசி கிளாஸ்கள். கியூ8-க்கு 6 சப்குரூப்கள்தான். ஆறும் நார்மல், ஆனாலும் குரூப் அபீலியன் அல்ல. ஆர்டர் 8-இல் (குரூப்பின் ஆர்டர் என்றால் அதன் உறுப்புகளின் எண்ணிக்கை) மொத்தம் 5 குரூப்கள் இருக்கின்றன, மூன்று அபீலியன், மீதி இந்த இரண்டும்தான். இரண்டும் ஏன் வேறு வேறு என்று கேட்டால், ஆர்டர் 2 உள்ள உறுப்புகளை எண்ணிப் பாருங்கள்: டி4-இல் ஐந்து, கியூ8-இல் ஒன்று.

டி4-இன் சப்குரூப் படத்தை ஒரு முழுப் பக்கத்தில் நிதானமாக வரைந்து வையுங்கள். இரண்டாம் செமஸ்டரில் கால்வா கோட்பாடு வரும்போது அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும்.

ஏ4 ஏன் இந்தப் பட்டியலில் இருக்கிறது? சப்குரூப்பின் ஆர்டர் குரூப்பின் ஆர்டரை வகுக்கும் என்பது லக்ராஞ்சின் தேற்றம். அதன் மறுதலை உண்மையா என்று கேட்டால், ஏ4 இல்லை என்கிறது. அதன் ஆர்டர் 12. ஆர்டர் 6 உள்ள சப்குரூப் அதில் கிடையாது. நிரூபணம் மூன்று வரிதான். அப்படி ஒன்று இருந்தால் அதன் இண்டெக்ஸ் 2, எனவே நார்மல், கோஷண்ட் குரூப்புக்கு ஆர்டர் 2. ஆகவே ஏ4-இன் எந்த உறுப்பின் வர்க்கமும் அதற்குள் வந்துவிட வேண்டும். மூன்று-சைக்கிள் ஒவ்வொன்றும் தன் நேர்மாறின் வர்க்கம். ஏ4-இல் எட்டு மூன்று-சைக்கிள்கள் உண்டு. ஆறு இடத்தில் எட்டு எப்படி அடங்கும்? இந்த மாதிரி ஒரு சிறு வாதத்தைத் தானாகக் கண்டுபிடித்தவர் அந்தத் தேற்றத்தை மறக்கவே மாட்டார்.

படி 2: வரையறையையும் நிரூபணத்தையும் வாசிக்கும் விதம்

புதிய வரையறை ஒன்று வந்தால் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். பொருந்தும் எடுத்துக்காட்டு ஒன்று, பொருந்தாதது ஒன்று, மயிரிழையில் தப்பிப்போவது ஒன்று என மூன்றை எழுதுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். ‘நார்மல்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். டி4-இல் ஒரு பிரதிபலிப்பும் சமனியும் சேர்ந்த ஆர்டர் 2 சப்குரூப், தன்னைவிடப் பெரிய ஓர் ஆர்டர் 4 சப்குரூப்புக்குள் நார்மல். அந்த ஆர்டர் 4 சப்குரூப் டி4-க்குள் நார்மல். ஆனால் முதலாவது டி4-க்குள் நார்மல் அல்ல. நார்மலின் நார்மல் நார்மல் என்று கை தன்னால் எழுதிவிடும். இந்த ஓர் எடுத்துக்காட்டு மனதில் இருந்தால் கை நின்றுவிடும்.

தேற்றம் என்றால் அதன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, எங்கே உடைகிறது என்று உங்கள் நோட்டில் உள்ளவற்றைக் கொண்டு தேடுங்கள். நிரூபணத்தில் வழக்கமான சரிபார்ப்பு வரிகள் நிறைய இருக்கும், யோசனை உள்ள வரி ஒன்றோ இரண்டோதான். அந்த வரிக்கு அடிக்கோடிடுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, மறுநாள் அந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்து மொத்தத்தையும் திரும்ப எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் தேர்வுக்கும் அதுவே போதும். தனியாக மனப்பாடம் செய்ய ஒன்றும் மிஞ்சாது.

படி 3: கோஷண்ட் என்ற மேடு

முதுகலை அல்ஜீப்ராவில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் கோஷண்ட் குரூப், அதாவது ஒரு சப்குரூப்பின் கோசெட்களையே உறுப்புகளாகக் கொண்ட குரூப். ‘வெல்-டிஃபைன்டு’ என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்போது எதற்காக இந்தச் சரிபார்ப்பு என்று புரியாமலே பலர் நகலெடுக்கிறார்கள். அது எங்கே தோற்கிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு ஜென்மத்துக்கும் மறக்காது.

எஸ்3-இல் சமனியும் (1 2)-உம் சேர்ந்த சப்குரூப்பை எடுங்கள். (1 3)-ஐ இடப்பக்கம் பெருக்கினால் கிடைக்கும் கோசெட்டில் இரண்டு உறுப்புகள்: (1 3), அதோடு (1 3)(1 2) = (1 2 3). இந்த கோசெட்டை அதனாலேயே பெருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிரதிநிதியாக (1 3)-ஐ எடுத்தால் (1 3)(1 3) = சமனி; விடை அசல் சப்குரூப். அதே கோசெட்டின் பிரதிநிதியாக (1 2 3)-ஐ எடுத்தால் (1 2 3)(1 2 3) = (1 3 2); இது அசல் சப்குரூப்பில் இல்லை. ஒரே கோசெட், ஒரே பெருக்கல், இரண்டு விடைகள். அப்படியானால் இங்கே ‘பெருக்கல்’ என்று ஒன்று இல்லவே இல்லை.

இப்போது சமனி, (1 2 3), (1 3 2) மூன்றும் சேர்ந்த சப்குரூப்பை எடுத்து இதே கணக்கைச் செய்யுங்கள். எந்தப் பிரதிநிதியை எடுத்தாலும் விடை மாறாது. நார்மல் என்ற நிபந்தனையின் வேலை இதுதான்: பிரதிநிதி மாறினாலும் விடை மாறாமல் காப்பது.

இதற்குப் பிறகு முதல் ஐசோமார்பிசம் தேற்றத்துக்கு வாருங்கள். எஸ்4-இல் நான்கு உறுப்புகள் கொண்ட க்ளைன் சப்குரூப் நார்மல். அதனால் வகுத்தால் எஸ்3 கிடைக்கும். நான்கு பொருள்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்க்க மூன்று வழிகள் இருக்கின்றன. எஸ்4-இன் உறுப்பு ஒவ்வொன்றும் அந்த மூன்று வழிகளை இடம் மாற்றுகிறது. அந்த ஹோமோமார்பிசத்தின் கெர்னல்தான் க்ளைன் சப்குரூப். 24 உறுப்புகளையும் எழுதாமலே இது புரிந்துவிட்டால் நீங்கள் அடுத்த படிக்குத் தயார்.

படி 4: குரூப் ஆக்‌ஷன்

இந்தப் பாடத்தில் ஓர் அத்தியாயத்துக்கு மட்டும் இருமடங்கு நேரம் கொடுக்கலாம் என்றால் நான் இதற்குத்தான் கொடுப்பேன். கேய்லி தேற்றம், கிளாஸ் ஈக்வேஷன், கோஷி தேற்றம், சைலோ தேற்றங்கள் என்று தனித்தனி நிரூபணங்களாகப் படிப்பவை எல்லாம் ஒரே வேலையின் பல முகங்கள். ஒரு குரூப் ஒரு கணத்தின் மேல் செயல்படுகிறது, ஆர்பிட்டின் (ஓர் உறுப்பு போய்ச்சேரும் இடங்கள்) அளவு என்பது ஸ்டெபிலைசரின் (அந்த உறுப்பை அசைக்காதவை) இண்டெக்ஸ், அவ்வளவுதான். எதன் மேல் செயல்பட வைக்கிறோம் என்பதில்தான் சாமர்த்தியம். தன் மேலேயே இடப்பெருக்கலாகச் செயல்பட்டால் கேய்லி. கான்ஜுகேஷனாகச் செயல்பட்டால் கிளாஸ் ஈக்வேஷன். நார்வேக்காரர் லுட்விக் சைலோ தம் தேற்றங்களை 1872-இல் வெளியிட்டார். சைலோ சப்குரூப் (குரூப்பின் ஆர்டரை வகுக்கும் ஒரு பகா எண்ணின் மிகப்பெரிய அடுக்கைத் தன் ஆர்டராகக் கொண்ட சப்குரூப்) இருக்கிறது என்பதற்கு ஹெல்முட் வீலாண்ட் 1959-இல் கொடுத்த நிரூபணம், குரூப்பைத் தன் உறுப்புகளின் குறிப்பிட்ட அளவுள்ள உட்கணங்கள் மேல் செயல்பட வைக்கிறது. எண்பத்தேழு ஆண்டுக்குப் பிறகும் பழைய தேற்றத்துக்குப் புதிய எளிய வழி கிடைத்தது, செயல்படும் கணத்தை மாற்றியதால்.

சைலோவைக் கையாளப் பழக ஆர்டர் 15-இல் தொடங்குங்கள். சைலோ 3-சப்குரூப்களின் எண்ணிக்கை 5-ஐ வகுக்க வேண்டும், 3-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும், எனவே ஒன்று. சைலோ 5-சப்குரூப்களும் அதேபோல ஒன்று. இரண்டும் நார்மல், குரூப் சைக்ளிக். அடுத்து ஆர்டர் 30. சைலோ 5-சப்குரூப்கள் 1 அல்லது 6. சைலோ 3-சப்குரூப்கள் 1 அல்லது 10. இரண்டுமே ஒன்றுக்கு மேல் என்றால், ஆர்டர் 5 உறுப்புகள் 6 × 4 = 24, ஆர்டர் 3 உறுப்புகள் 10 × 2 = 20; மொத்தம் 44. முப்பது பேர் உள்ள குரூப்பில் அது நடக்காது. ஆக இரண்டில் ஒன்றாவது நார்மல். ஆர்டர் 30 குரூப் எதுவும் சிம்பிள் (சமனியையும் தன்னையும் தவிர வேறு நார்மல் சப்குரூப் இல்லாதது) அல்ல.

பிறகு ஆர்டர் 60-க்கு வாருங்கள், அங்கே எண்ணிக்கை வாதம் நின்றுவிடும், நிற்க வேண்டும். ஏ5 சிம்பிள். அதன் கான்ஜுகசி கிளாஸ்களின் அளவு 1, 12, 12, 15, 20. நார்மல் சப்குரூப் என்பது சில கிளாஸ்களின் சேர்ப்பு. அதில் சமனி இருந்தே ஆக வேண்டும். 1-உடன் மற்ற நான்கு எண்களில் எவற்றைக் கூட்டினாலும், எல்லாவற்றையும் சேர்த்து 60 ஆனால் ஒழிய, 60-ஐ வகுக்கும் எண் வராது. கூட்டிப் பாருங்கள், பதினாறே சேர்க்கைகள்தான். ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு மூலச் சூத்திரம் இல்லாமல் போனதற்கு அடியில் இருக்கும் உண்மை இந்தக் கூட்டல் கணக்கு.

படி 5: ரிங்கும் ஐடியலும்

ஐடியல் எதற்காக வந்தது என்று தெரியாமல் அதன் வரையறையைப் படிப்பது வீண் சிரமம். 1847 மார்ச்சில் பாரிஸ் அகாதமியில் காப்ரியேல் லாமே, ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக அறிவித்தார். 1-இன் மூலங்களைச் சேர்த்து உருவாக்கிய எண்களிலும் பகா எண் பகுப்பு ஒரே விதமாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். அதே கூட்டத்திலேயே லியூவில் அந்த இடத்தைச் சந்தேகித்தார். எர்ன்ஸ்ட் கும்மர் அது பொய்க்கும் என்று ஏற்கெனவே கண்டிருந்தார். 23-ஆம் மூலங்களில்தான் முதன்முதலாக உடைகிறது. உடைந்ததைச் சரிசெய்யக் கும்மர் கற்பித்துக்கொண்ட ‘இலட்சிய எண்கள்’ பிறகு டெடகிண்ட் கையில் 1871-இல் ஐடியல் என்ற வடிவம் பெற்றன.

இதைக் கையால் தொட்டுப் பார்க்க 23 வரை போக வேண்டாம். முழு எண்களோடு √−5-ஐச் சேர்த்த ரிங்கில் 6 = 2 × 3, அதே 6 = (1 + √−5)(1 − √−5). ஓர் எண்ணின் நார்ம் என்பது முதல் பகுதியின் வர்க்கம் கூட்டல் இரண்டாம் பகுதியின் வர்க்கத்தின் ஐந்து மடங்கு. 2-இன் நார்ம் 4, 3-இன் நார்ம் 9, மற்ற இரண்டுக்கும் 6. நார்ம் 2 அல்லது 3 உள்ள எண்ணே அந்த ரிங்கில் கிடையாது. ஆகவே நான்கு காரணிகளையும் மேலும் உடைக்க முடியாது. ஒரே எண்ணுக்கு இரண்டு பகுப்புகள்.

இப்போது 2-உம் 1 + √−5-உம் உருவாக்கும் ஐடியலை எடுத்து அதை அதனாலேயே பெருக்குங்கள். 4, 2 + 2√−5, −4 + 2√−5 மூன்றும் உள்ளே வரும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் 6. அதிலிருந்து 4-ஐக் கழித்தால் 2. மூன்றுமே 2-இன் மடங்குகள் என்பதால் அந்த வர்க்கம் சரியாக 2-இன் ஐடியல். எண்களில் உடையாத 2 ஐடியல்களில் உடைகிறது. பகுப்பு மறுபடியும் ஒரே விதமாகிறது. இந்த அரைப் பக்கக் கணக்கை நீங்களே போடுங்கள். அதன் பிறகு ‘பிரைம் ஐடியல்’ என்ற சொல் உங்களுக்கு வேறு மாதிரி ஒலிக்கும்.

யூக்ளிடியன் டொமைன் (மீதியோடு வகுக்க முடிவது), பி.ஐ.டி. (எந்த ஐடியலையும் ஒரே உறுப்பால் உருவாக்க முடிவது), யூ.எஃப்.டி. (பகுப்பு ஒரே விதமாக இருப்பது), இண்டக்ரல் டொமைன் (பூஜ்யமல்லாத இரண்டைப் பெருக்கினால் பூஜ்யம் வராதது) என்ற வரிசையில் ஒவ்வொரு இடைவெளிக்கும் ஓர் எடுத்துக்காட்டு நோட்டில் இருக்கட்டும். யூ.எஃப்.டி. ஆனால் பி.ஐ.டி. அல்ல: முழு எண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக் கோவைகள், 2-உம் எக்ஸ்-உம் உருவாக்கும் ஐடியலை ஒரே உறுப்பால் உருவாக்க முடியாது. பி.ஐ.டி. ஆனால் யூக்ளிடியன் அல்ல: முழு எண்களோடு (1 + √−19)/2 சேர்த்த ரிங். இதன் நிரூபணம் கொஞ்சம் நீளம், முதல் வாசிப்பில் விட்டுவிடலாம்.

படி 6: மாட்யூல்

வெக்டர் ஸ்பேஸில் பழகிய கைகள் இங்கே ஏமாறும். ஸ்கேலர்கள் ஃபீல்டில் இல்லாமல் ரிங்கில் இருந்தால் அதுதான் மாட்யூல். 6-ஆல் வகுத்த மீதிகளை முழு எண்களின் மேல் மாட்யூலாகப் பாருங்கள்: எந்த உறுப்பையும் 6-ஆல் பெருக்கினால் பூஜ்யம், எனவே லீனியர் சார்பின்மை உள்ள ஓர் உறுப்புகூட இல்லை, பேசிஸ் இல்லை. இதை முதலிலேயே பார்த்துவிட்டால், பேசிஸ் உள்ளதற்கு ‘ஃப்ரீ’ மாட்யூல் என்று தனியாக ஏன் பெயர் வைக்கிறார்கள் என்று கேட்க மாட்டீர்கள்.

பி.ஐ.டி. மேலுள்ள மாட்யூல்களின் ஸ்ட்ரக்சர் தேற்றம்தான் இந்தப் பகுதியின் சிகரம். ரிங்காக முழு எண்களை எடுத்தால் ஃபைனைட் அபீலியன் குரூப்கள் அத்தனையும் வகைப்படும். ஆர்டர் 72-க்கு ஆறு. ரிங்காக ஒரு ஃபீல்டின் மேலுள்ள பல்லுறுப்புக் கோவைகளை எடுத்து, எக்ஸ்-ஐ ஒரு மேட்ரிக்ஸாகச் செயல்பட வைத்தால் அதே தேற்றம் ரேஷனல் ஃபார்மையும் ஜோர்டன் ஃபார்மையும் தருகிறது. இரண்டையும் வேறு வேறு தாள்களில் படித்துவிட்டு உறவே தெரியாமல் எம்.எஸ்சி. முடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். முழு எண் உறுப்புகள் கொண்ட 3 × 3 மேட்ரிக்ஸ் சிலவற்றை வரிசை, நிரல் செயல்களால் ஸ்மித் நார்மல் ஃபார்முக்குக் கொண்டுவந்து பழகுங்கள். தேற்றத்தின் நிரூபணமே அந்தச் செயல்முறைதான்.

இந்தப் பார்வைக்கு அடித்தளம் போட்டவர் எம்மி நோதர். ஏறும் ஐடியல் சங்கிலிகள் நின்றாக வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்று 1921-இல் காட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அவருடைய வகுப்புகளை ஹில்பர்ட்டின் பெயரில்தான் அறிவிக்க வேண்டியிருந்தது. நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. ஒரு ஃபீல்டின் மேலுள்ள பல்லுறுப்புக் கோவை ரிங்குகளின் மேல் ஃபைனைட்லி ஜெனரேட்டட் ப்ரொஜெக்டிவ் மாட்யூல் (ஒரு ஃப்ரீ மாட்யூலின் நேர்க்கூட்டல் பகுதியாக இருப்பது) எல்லாம் ஃப்ரீதானா என்று ஜான்-பியர் செர் 1955-இல் எழுப்பிய கேள்விக்கு, இரண்டு மாறிகள் வரை ஆம் என்று 1958-இல் காட்டியவர் சி.எஸ். சேஷாத்ரி; சென்னை லயோலாவில் படித்தவர், பின்னாளில் சென்னைக் கணிதக் கழகத்தை நிறுவியவர். எத்தனை மாறிகளுக்கும் ஆம் என்று குயிலனும் சுஸ்லினும் தனித்தனியே 1976-இல் நிரூபித்தார்கள்.

படி 7: ஃபீல்டும் கால்வாவும்

ஃபைனைட் ஃபீல்டில் ஒரு தப்பு மட்டும் வேரோடு போக வேண்டும்: நான்கு உறுப்புகள் கொண்ட ஃபீல்டும் 4-ஆல் வகுத்த மீதிகளும் ஒன்றல்ல. மீதிகளில் 2 × 2 = 0. ஃபீல்டை உருவாக்க, 2-ஆல் வகுத்த மீதிகளின் மேல் எக்ஸ்² + எக்ஸ் + 1-க்கு ஒரு மூலம் சேர்த்து 0, 1, அ, அ + 1 என்று பெருக்கல் அட்டவணை போடுங்கள். 8, 9 உறுப்புகளுக்கும் அதேபோல.

கால்வா கோட்பாட்டுக்கு எக்ஸ்⁴ − 2 ஒன்றே போதுமான பள்ளிக்கூடம். விகிதமுறு எண்களோடு 2-இன் நான்காம் மூலத்தையும் √−1-ஐயும் சேர்த்தால் ஸ்ப்ளிட்டிங் ஃபீல்டு (எல்லா மூலங்களும் உள்ள மிகச்சிறிய ஃபீல்டு) வரும், டிகிரி 8. கால்வா குரூப் (விகிதமுறு எண்களை அசைக்காத, அந்த ஃபீல்டின் ஆட்டோமார்பிசம்கள்) டி4. படி 1-இல் வரைந்த படத்தை எடுத்துத் தலைகீழாகத் திருப்புங்கள்; பத்து சப்குரூப்களுக்கும் பத்து இடைநிலை ஃபீல்டுகள். எந்த ஃபீல்டு எந்த சப்குரூப்புக்கு என்று ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். மெய்யெண்ணான நான்காம் மூலம் மட்டும் சேர்ந்த ஃபீல்டு நார்மல் எக்ஸ்டென்ஷன் அல்ல, மற்ற மூலங்களில் இரண்டு மெய்யெண்களே அல்ல. அதற்கு நேரான ஆர்டர் 2 சப்குரூப்பும் நார்மல் அல்ல. படி 2-இல் பார்த்த பிரதிபலிப்பு அதுவேதான்.

ஐந்தாம் படிக்கு எக்ஸ்⁵ − 6எக்ஸ் + 3. ஐசன்ஸ்டைன் விதிப்படி 3-ஐக் கொண்டு பார்த்தால் பிரிக்க முடியாதது. −2, 0, 1, 2 ஆகியவற்றில் மதிப்பு −17, 3, −2, 23. மூன்று மெய் மூலங்கள். டெரிவேட்டிவுக்கு இரண்டு மெய் மூலங்களே என்பதால் அதற்கு மேல் இல்லை. மீதி இரண்டும் சிக்கலெண் ஜோடி. பிரிக்க முடியாததால் கால்வா குரூப்பில் ஓர் ஐந்து-சைக்கிள் உண்டு. சிக்கலெண் இணைப்பு ஒரு டிரான்ஸ்பொசிஷன். இரண்டும் சேர்ந்தால் எஸ்5 முழுவதும். மூலக்குறிகளால் தீர்க்க வேண்டுமானால் கால்வா குரூப்பை அபீலியன் கோஷண்ட்களாகப் படிப்படியாக உடைக்க முடிய வேண்டும். எஸ்5-க்குள் ஏ5, ஏ5 சிம்பிள், ஆகவே மூலக்குறிகளால் தீர்க்க முடியாது. எவாரிஸ்ட் கால்வா 1832 மே 31 அன்று, இருபது வயதில், துப்பாக்கிச் சண்டையில் பட்ட காயத்தால் இறந்தார். அவர் எழுதிவைத்தவற்றை லியூவில் 1846-இல்தான் அச்சில் கொண்டுவந்தார். ஒரு செமஸ்டர் முழுக்கப் போராடி இந்த ஆறேழு வரிக்கு வந்துசேரும்போது கிடைக்கும் நிறைவுக்காகவே இந்தப் பாடத்தைப் படிக்கலாம்.

படி 8: கணக்குப் பயிற்சியும் எழுத்தும்

வாரத்துக்கு ஐந்தாறு கணக்குகளை முழுமையாக, பிறர் வாசிக்கும்படி எழுதுங்கள். ஒரு கணக்கோடு குறைந்தது இரண்டு நாளாவது உட்காராமல் இணையத்தில் தீர்வு தேடாதீர்கள். தீர்வை வாசித்தால் புரிந்த மாதிரி இருக்கும். மறுவாரம் அதே கணக்கு புதிதாகத் தெரியும். எழுதியதைத் திரும்ப வாசிக்கும்போது இரண்டைத் தேடுங்கள்: எங்காவது சொல்லாமலே கம்யூட்டேட்டிவ் என்று எடுத்துக்கொண்டேனா, கோசெட்டின் மேல் வரையறுத்த சார்பு வெல்-டிஃபைன்டு என்று காட்டினேனா.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து காலி வகுப்பறையின் கரும்பலகையில் ஒருவருக்கொருவர் நிரூபணம் சொல்வது மிக நல்ல வழி. கேட்பவர் ‘ஏன்?’ என்று மட்டும் கேட்டால் போதும். கேப், சேஜ்மேத் ஆகிய இலவச மென்பொருள்களைக் கைக்கணக்கு முடித்த பிறகு சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். ஆர்டர் 16-இல் 14 குரூப்கள் என்று கேப் ஒரு நொடியில் சொல்லும். ஆனால் டி4-இன் சப்குரூப்களை அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்பவருக்கு டி4 தெரியாது.

படி 9: தேர்வுகள்

செமஸ்டர் தேர்வுக்கு படி 2-இல் சொன்னதே தயாரிப்பு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான தேசியத் தேர்வு) வேறு மாதிரி. பகுதி சி-யில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். அத்தனையையும் குறித்தால்தான் மதிப்பெண், நெகட்டிவ் மதிப்பெண் இல்லை. அங்கே நான்கு கூற்றுகளில் பொய்யானவற்றை ஓர் எதிர் எடுத்துக்காட்டால் உடைப்பதுதான் வேலை. உங்கள் நோட்டு அதற்காகவே இருக்கிறது. நெட் பாடத்திட்டத்தில் சைலோ, யூ.எஃப்.டி., ஃபைனைட் ஃபீல்டு, கால்வா எல்லாம் உண்டு. மாட்யூல் அதில் இல்லை என்பதற்காக அதைத் தள்ளிவைக்காதீர்கள். ஆராய்ச்சிக்குப் போனால் முதல் நாளிலிருந்து அதுதான் பேச்சு.

கோடை விடுமுறையில் எம்.டி.டி.எஸ். (கணிதப் பயிற்சி, திறன் தேடல்) பயிற்சி முகாமுக்கும், முனைவர் பட்ட மாணவர்களானால் தேசியக் கணித மையத்தின் அடிப்படைப் பயிற்சிப் பள்ளிகளுக்கும் விண்ணப்பியுங்கள். கேள்வி கேட்டுக் கேட்டே பாடம் நடத்தும் வகுப்பை அங்கே பார்க்கலாம். போகும்போது அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள். காலிப் பக்கங்களில் அடுத்து எஸ்4-இன் 30 சப்குரூப்களையும் எழுதத் தொடங்கலாம்.